கடைசிச் சிகரட்டின் ஒத்திகை

கலீலுர் றஹ்மானின் இடது காற் பெருவிரல் கறுக்கத் தொடங்கியபோது அது எஞ்சின் ஒயில் என்றே அவர் நினைத்தார். பாதி ஆயுளை மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களுக்குள் கழித்த மனிதருக்கு, உடம்பில் எங்கே கறுப்புத் தெரிந்தாலும் முதலில் வருகிற எண்ணம் அதுதான். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். அடுத்த நாள் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தார். கறுப்புப் போகவில்லை, வலி வந்தது. நடந்தால் கெண்டைக்கால் இறுகிக்கொண்டது, நின்றால் விட்டது. பட்டறையில் கூட வேலை செய்கிற சின்னராசா ஒருநாள் குனிந்து பார்த்தான்.

"மச்சான், இது ஒயில் இல்லை. உள்ளுக்க இருந்து வாற கறுப்பு. ஆசுப்பத்திரிக்குப் போ."

அதைச் சொல்லும்போது அவன் வாயிலும் சிகரட் இருந்தது, கேட்டுக்கொண்டிருந்த கலீலின் வாயிலும் இருந்தது.

ஆசுப்பத்திரியின் சத்திர சிகிச்சை நிபுணர் சொற்களைச் செலவழிக்காத மனிதர். காலுக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைபட்டுவிட்டது என்றார். வேறு வழியால் இரத்தத்தைத் திருப்பிவிடலாம், ஆனால் புகைக்கிறவனுக்கு அதைச் செய்து பயனில்லை, புதிய வழியும் அடைபட்டுப் போகும் என்றார்.

"காலா சிகரட்டா எண்டு நீங்கதான் சொல்லோணும்."

"கால்தான் டொக்டர்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றவை. பிறகு வார்ட்டு மலசலகூடத்துக்குள்ள இருந்து புகை வரும்." நிபுணர் பேனாவை மூடினார். "புகைவிடுப்பு நிலையத்துக்குப் போய், விட்டிட்டியள் எண்டு சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ. அண்டைக்கே ஒப்பரேசனுக்குத் திகதி போடுறன். சுணங்க வேண்டாம். கறுப்பு மேல ஏறினா என்னால ஒண்டும் செய்யேலாது."

கலீல் வெளியே வந்தார். சட்டைப் பையில் இருந்த பெட்டியை எடுத்து வாசல் வடிகாலுக்குள் போட்டார். பாதிக்கு மேல் சிகரட் இருந்த பெட்டி. அன்று காலை கிண்ணியா பஸ் ஏறுமுன் குடித்ததுதான் கடைசிச் சிகரட் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதை எப்படிக் குடித்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

சிகரட்டை விட்ட மனிதனுக்கு முதலில் மிஞ்சுவது கைகள். அவற்றை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை. கலீல் சட்டைப் பைக்குள் விட்டார். பை வெறுமையாக இருந்தது. மடியில் வைத்தார், மடியில் அவை நடுங்கின. தூக்கம் பாதியில் அறுந்தது. சோறு மண்போல இருந்தது, அதையும் இரண்டு மடங்கு தின்றார். குசினியில் அகப்பை சட்டியில் தட்டுப்பட்ட சத்தத்துக்கு மனைவி மைமூனாவின் மேல் பாய்ந்தார். பாய்ந்துவிட்டு, முற்றத்துக்குப் போய் வேலியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

மைமூனா கராம்பும் வறுத்த கொத்தமல்லியும் ஒரு பேணியில் போட்டுக் கொடுத்தாள். வீட்டிலிருந்த லைட்டர்கள், நெருப்புப் பெட்டிகள் எல்லாவற்றையும் பொறுக்கி மைத்துனி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அடுப்பு மூட்டுவதற்கு அவளே அங்கே போய்க் கொள்ளி வாங்கி வந்தாள்.

"நோன்புக்கு ஒரு மாசம் பகல் முழுக்க இரிக்கிற ஆள்தானே நீங்க. இது ஏன் இவ்வளவு கஷ்டமாக் கிடக்கு?"

"நோன்புக்கு மஃரிப் இரிக்கி புள்ள. பாங்கு சொன்னா முடிஞ்சிரும். இதுக்கு எங்க மஃரிப்?"

மைமூனா பேணியை அவர் பக்கம் தள்ளிவைத்தாள். அந்த மஃரிப் எப்போதென்று அவர்களுடைய ஊரான குறிஞ்சாக்கேணியில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பட்டறையில் சின்னராசா, கரையில் ஏற்றிவைத்த வள்ளமொன்றுக்குப் பின்னால் போய் ஒளிந்து குடிக்கத் தொடங்கினான். குடித்து முடித்து வெற்றிலை சப்பிக்கொண்டு, களவெடுத்தவன்போல வந்து நிற்பான். புகை வள்ளத்தைச் சுற்றி அவனுக்கு முன்னமே வந்து சேர்ந்துவிடும்.

"மன்னிச்சுக்கொள் மச்சான். காத்து மாறிப்போச்சு."

கலீல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கை நடுக்கம் கொஞ்சம் அடங்கி, தேத்தண்ணிக்குப் பழைய ருசி திரும்பத் தொடங்கியிருந்த ஒரு காலையில், சான்றிதழ் எடுக்கப் புறப்பட்டார்.

துறைமுகப் பிரதேசப் புகைவிடுப்பு ஊக்குவிப்பு நிலையம் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. வாசலில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகையில் செய்த ஆள் உயரச் சிகரட் ஒன்று நின்றது. நுனியில் சிவப்பு மின்குமிழ். காவலாளியின் முதல் வேலை காலையில் அதை எரியவிடுவது. கடைசி வேலை மாலையில் அணைப்பது. இடையில் அவனுக்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. உள்ளே சுவர் முழுக்கச் சிகரட். புகைகிற சிகரட், சாம்பல் நீண்ட சிகரட், ஒரு பெண்ணின் விரலிடுக்கில் ஒய்யாரமாகச் சாய்ந்த சிகரட். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு கீறியிருந்தது. கோடு மெல்லியது, சிகரட் பெரியது. தன் ஆயுளில் ஒரே இடத்தில் இத்தனை சிகரட்டை கலீல் கண்டதில்லை. வாயில் எச்சில் ஊறியது. கராம்பைக் கடித்தார்.

முதல் மேசையில் நிருபன் என்ற இளைஞன் ஒரு சிறிய மெசினோடு இருந்தான். மூச்சில் இருக்கிற புகையை அளக்கும் மெசின்.

"ஊதுங்கோ நானா" என்றான், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற முறையில்.

கலீல் ஊதினார். நிருபன் மெசினைப் பார்த்தான், தட்டினான், மறுபடி ஊதச் சொன்னான். முகம் சுருங்கியது.

"நீங்க புகைக்கிற ஆள் இல்லையே."

"இல்ல தம்பி. விட்டுட்டன்."

"எப்ப?"

"டொக்டர் சொன்ன அன்டைக்கே."

"எங்களிட்ட வராமலா?"

அந்தக் கேள்வியில் உண்மையான மனவருத்தம் இருந்தது. கலீலுக்குக் குற்றம் செய்ததுபோல இருந்தது.

"முதல் அளவு கூட இருக்கோணும், நானா. பிறகு குறையோணும். அந்தக் குறைவுக்குத்தான் சான்றிதழ். உங்களுக்கு இப்பவே ஒண்டும் இல்லை. இல்லாததில இருந்து நாங்க எதைக் குறைக்கிறது?"

"குறைஞ்சிருக்கிறது நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா எங்களால வந்த நல்லது இல்லையே."

விடயம் பணிப்பாளர் குணரத்தினத்திடம் போனது. பணிப்பாளரின் அறையில் குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. மேசையில் புகைத்தல் எதிர்ப்பு நாள் நினைவுப் பரிசாகக் கிடைத்த கண்ணாடிச் சாம்பல் தட்டு ஒன்று. அதில் குண்டூசிகள். கலீலைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, அவர் கண்ணை மூடி, மேடையில் பேசுவதுபோலப் பேசினார்.

"நீங்கள் செய்தது பிழை எண்டு நான் சொல்லயில்லை. ஆனா எங்கட மொழியில அதுக்கு நெறிப்படுத்தப்படாத விடுகை எண்டு பேர். ஒரு மனிசன் நினைச்சவுடன விட்டான் எண்டு வையுங்கோ. நாளைக்கு எல்லாரும் நினைச்சவுடன விடத் தொடங்குவினம். இந்த மாவட்டத்தில புகைக்கிற ஆக்கள் குறைஞ்சால் எங்கட ஆளணி குறையும். ஆளணி குறைஞ்சால் புகைக்கிற ஆக்களைக் குறைக்க ஆர் இருக்கினம்? ஆனபடியால் புகைக்கிறவரைப் பேணிப் பாதுகாக்கிறது எங்கட முதல் கடமை."

"ரெண்டாவது கடமை என்ன சேர்?"

"அவரை விடச் செய்யிறது." பணிப்பாளர் கண்ணைத் திறந்தார். "ஒரு கிழமை சிகரட்டை வடிவாப் பத்திப்போட்டு வாங்கோ. ஒழுங்காப் பதிஞ்சு, ஒழுங்கா விடலாம்."

கலீல் செருப்பைக் கழற்றி விரலைக் காட்டினார். பணிப்பாளர் ஜன்னலுக்கு வெளியே நின்ற கப்பலைப் பார்த்தார்.

"அது எங்கட பிரிவு இல்லை."

அப்போது உளவள ஆலோசகர் கௌசிகா உள்ளே வந்தாள். நல்ல மனசு உள்ள பெண்; அந்தக் கட்டடத்தில் கலீலுக்கு ஏற்பட்ட பாதிச் சேதம் அந்த நல்ல மனசினால் வந்தது. விரலைக் குனிந்து பார்த்தது அவள் ஒருத்திதான்.

"சேர், இவர் விட்டாலும் ஆசை இருக்குத்தானே. ஆசை இருக்கிற வரைக்கும் இவர் எங்கட ஆள்தான். என்ர வகுப்பில இருக்கட்டும். முதல் அளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

இப்படியாக கலீல், விடாதவர்களுக்கான வகுப்பில் விட்டவராகச் சேர்க்கப்பட்டார்.

வகுப்புக்கு வேட்கை முகாமைத்துவம் என்று பெயர். மர வாங்குகளில் பஸ் நடத்துநர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், புல்மோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மணல் ஆலைத் தொழிலாளி ஒருவர், இன்னும் சிலர். கௌசிகா கொழும்பில் பயிற்சி பெற்றவள். எதை விடவேண்டுமோ அதை முதலில் முழுமையாக மனதில் நிறுத்தவேண்டும் என்பது அந்தப் பயிற்சி.

"எல்லாரும் கண்ணை மூடுங்கோ. மழை விட்டிருக்கு. உங்களுக்கு முன்னால சுடச்சுட ஒரு பிளேன்ரீ. இப்ப பெட்டியை எடுக்கிறியள். அவசரப்படாதேங்கோ. மெல்ல மேல்தாளைக் கிழியுங்கோ. மணம் வருதா?"

"வருது மிஸ்" என்றார் வாத்தியார் தழுதழுத்த குரலில்.

"ஒண்டை எடுத்து உதட்டில வையுங்கோ. நெருப்புக்குச்சியைத் தட்டுங்கோ. முதல் புகை உள்ளுக்குப் போகுது. நெஞ்சு நிறையுது. கை கால் எல்லாம் தளருது..." அறையில் மூச்சுச் சத்தம் மட்டும். "இப்ப அதைத் தூக்கி எறியுங்கோ!"

ஒருவரும் எறியவில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடித்தபோது வாங்குகள் கவிழ்ந்தன. மாணவர்கள் தெருவைக் கடந்தார்கள். எதிர்ப்பக்கம் அஷ்ரபுடைய பெட்டிக்கடை. அஷ்ரப் முன்னேற்பாடாகச் சிகரட்டுகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு மணிக்கூடு தேவையில்ல நானா" என்றான் கலீலிடம். "மிஸ்ஸுட வகுப்பு முடிஞ்சா ரோட்டுல தெரியும். முதல் இந்தக் கடையில பிஸ்கட்தான் வித்தனான். அல்லாஹ் அந்தப் புள்ளைக்கு நல்ல ஆயுளைக் கொடுக்கட்டும். நீங்க மட்டும்தான் இன்னும் ஒன்டும் வாங்கல்ல."

"இஞ்சி டொபி இரிக்கா?"

அஷ்ரப் அவரை இரக்கத்தோடு பார்த்து, தூசி தட்டி ஒரு டொபியை எடுத்துக் கொடுத்தான்.

கலீல் கடற்சுவரில் போய் இருந்தார். கெண்டைக்கால் இறுகிக் கிடந்தது. பின்னால் வகுப்புத் தோழர்கள் ஒரே சுருதியில் இருமினார்கள். முன்னால் துறைமுகம் அசையாமல் கிடந்தது. ஒரு எண்ணெய்க் கப்பல் நெடுநாளாக அங்கே நின்றது. ஏன் நிற்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டு, டொபி கரைந்து முடியும்வரை இருந்தார். ஆசை வந்தது, நின்றது, போகவில்லை. அவரும் போகவில்லை. கடைசியில் அது சலித்துப்போய் விட்டுவிட்டது.

இரவுச் சோற்றுக்குப் பிறகான நேரம்தான் பொல்லாதது. அதற்கென்று நிலையம் ஒரு தொலைபேசி இலக்கம் கொடுத்திருந்தது. கலீல் ஒருநாள் அதற்கு எடுத்தார்.

"வணக்கம். நீங்கள் புகைக்க விரும்பினால் ஒன்றை அழுத்தவும். புகைத்துக்கொண்டிருந்தால் இரண்டை அழுத்தவும். புகைத்து முடித்திருந்தால் ஆலோசகருக்காகக் காத்திருக்கவும்."

கலீல் ஒன்றை அழுத்தினார்.

"உங்கள் வேட்கை எமக்கு முக்கியமானது. வேட்கை சில நிமிடங்களில் தானாகத் தணிந்துவிடும். அதுவரை இசையைக் கேட்கவும்."

கல்யாண வீட்டு நாதஸ்வரம் ஒலித்தது. மைமூனா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரோட கதைக்கிறீங்க?"

"ஒருத்தரோடயும் இல்ல. நாதஸ்வரம் கேட்கிறன்."

அவள் கொத்தமல்லிப் பேணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அன்றும் அவர் குடிக்கவில்லை. நாதஸ்வரத்தினால் அல்ல, கொத்தமல்லியினாலும் அல்ல. எதனால் என்று அவருக்கே தெரியாது. குடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குச் சான்றிதழ் கொடுக்க யாருக்கும் வழி தெரியவில்லை.

கறுப்பு இரண்டாவது விரலைத் தொட்ட கிழமை பணிப்பாளர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவருடைய முகம் மலர்ந்திருந்தது. புகைத்தல் எதிர்ப்பு நாள் விழாவுக்குப் பிரதம விருந்தினர் வருகிறார். விட்டவர் ஒருவரை மேடையில் காட்டவேண்டும். வகுப்பில் எல்லாரையும் ஊதவைத்துப் பார்த்ததில் மெசின் மயங்கிப் போகாமல் இருந்தது கலீலின் மூச்சுக்கு மட்டும்தான்.

"சான்றிதழை மேடையிலயே தாறம். அடுத்த நாளே நீங்க ஒப்பரேசனுக்குத் திகதி எடுக்கலாம்."

கலீல் கதிரையிலிருந்து எழும்பினார். "அல்ஹம்துலில்லாஹ். பெரிய உபகாரம் சேர்."

"ஒரு சின்னச் சடங்கு மட்டும் இருக்கு. கடைசிச் சிகரட். எங்கட நிலையத்தின்ர மரபு. விடுறவர் மேடையில ஒண்டைப் பத்தவைச்சு, ஒரு இழுவை இழுத்து, வெண்கலத் தட்டில நசுக்கோணும். சனம் கை தட்டும்."

"என்ட கடைசிச் சிகரட் எப்பவோ முடிஞ்சு போச்சே சேர்."

"ஆர் பார்த்தது?"

கலீல் யோசித்தார். "ஒருத்தரும் பார்க்கல்ல. நானே சரியாப் பார்க்கல்ல."

"அதைத்தான் சொல்றன். சாட்சி இல்லாத கடைசி கடைசி ஆகாது."

நிருபனும் சேர்ந்துகொண்டான். "அதோட நானா, அந்த இழுவையோட ஊதினா முதல் அளவும் கிடைச்சிடும். விழா முடியத் திருப்பி ஊதுவியள், குறைஞ்சிருக்கும். கோப்பு நிறைஞ்சிடும். ஒரே கல்யாணத்தில ரெண்டு சாப்பாடு."

கலீல் கௌசிகாவைப் பார்த்தார். அவள் தன் விரல் நகங்களைப் பார்த்தாள்.

"ஒரு இழுவைதானே ஐயா" என்றாள் மெதுவாக. "நீங்க உறுதியான ஆள்."

வீட்டில் மைமூனா எல்லாவற்றையும் கேட்டாள். அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். கல் எல்லாம் போன பிறகும் புடைத்தாள்.

"இழுக்காட்டி?"

"சான்றிதழ் இல்ல. சான்றிதழ் இல்லாட்டித் திகதி இல்ல."

"இழுத்தா?"

"திகதி கெடைக்கும் என்டுதான் சொல்றாங்க."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு இழுங்க. இழுத்துட்டு வாயைக் கழுவிட்டு வாங்க. மருந்து என்டு நினைச்சுக்குங்க."

விழாவன்று காலை கலீல் வெள்ளைச் சட்டையோடு போய்ச் சேர்ந்தார். சின்னராசாவும் லிங்கநகரிலிருந்து குளித்து, திருநீறு பூசி, சைக்கிளில் வந்திருந்தான். நண்பனுக்குக் கிடைக்கப்போகிற சான்றிதழைக் காண ஆசையாக இருந்தான். மேடையில் வெண்கலத் தட்டு, பக்கத்தில் புதிய பெட்டி ஒன்று. பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லை. வருவதற்குள் ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்றார் பணிப்பாளர்.

"ஒத்திகைக்குப் பத்தவைக்காமப் பிடிச்சாக் காணாதா சேர்?"

"படம் எடுக்கிறவர் வெளிச்சம் பார்க்கோணும். புகை இல்லாமல் எப்பிடிப் பார்க்கிறது?"

நிருபனே குச்சியைத் தட்டினான். முதல் இழுவை உள்ளே போனபோது துறைமுகம் முழுவதும் சத்தம் அடங்கியதுபோல இருந்தது. இவ்வளவு நாளும் காதுக்குள் ஏதோ இரைந்துகொண்டிருந்தது என்பது அது நின்றபோதுதான் கலீலுக்குத் தெரிந்தது. நெஞ்சு நிறைந்தது. கண்ணில் நீர் வந்தது. கௌசிகாவின் வகுப்பில் சொன்ன எல்லாம் சரியாக இருந்தது. தட்டில் நசுக்கினார், விரல் உடனே விட மறுத்தது.

"நல்லது. ஆனா நீங்க சந்தோசமா இருக்கிறியள்" என்றார் பணிப்பாளர். "துக்கமா இருக்கோணும். இன்னொருக்கா."

இரண்டாவது தடவை புகை படத்தில் விழவில்லை. அதற்கடுத்த தடவை நசுக்கும்போது கை கமராவை மறைத்தது. பிறகு பதாகையின் பாதிச் சொல் தெரியவில்லை என்று பதாகையை மாற்றிக் கட்டினார்கள். கட்டிய பிறகு மறுபடி பற்றவைத்தார்கள். விருந்தினர் மூதூர்ச் சந்தியில் நிற்கிறார் என்று செய்தி வந்தது. சனம் எழும்பிப் போகத் தொடங்கவே, அவர்களை இருத்தி வைப்பதற்காகக் கடைசிச் சிகரட்டை ஒரு தடவை எல்லாருக்கும் செய்து காட்டச் சொன்னார்கள். சனம் கை தட்டியது. இன்னொரு தடவை கேட்டது.

சின்னராசா மேடை ஓரத்துக்கு வந்து கிசுகிசுத்தான். "மச்சான், உள்ளுக்கு எடாத. வாயோட விடு. கேட்குதா? உள்ளுக்கு எடாத!"

கலீலுக்குக் கேட்டது. ஓம் என்று தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே உள்ளுக்கு எடுத்தார்.

விருந்தினர் வந்தபோது மத்தியானம் கடந்திருந்தது. அவர் கலீலின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார்.

"இந்த மனிதரைப் பாருங்கள். எவ்வளவு உறுதி! புகையிலை எமது எதிரி. இந்த அழகிய கட்டடம் புகையிலை வரிப் பணத்தில் கட்டப்பட்டது. மேல்மாடி கட்டுவதற்கும் வாக்குறுதி தந்திருக்கிறேன். அந்த வரி குறையாமல் வந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன். அதற்கு உங்கள் ஒத்துழைப்பு தேவை. புகைத்தலை ஒழிப்போம்!"

கலீல் கடைசிச் சிகரட்டைப் பற்றவைத்தார். இழுத்தார். நசுக்கினார். அந்த முறை முகத்தில் துக்கம் சரியாக விழுந்தது என்று படம் எடுப்பவர் பாராட்டினார். விருந்தினர் நீல உறை ஒன்றை அவர் கையில் கொடுத்தார். கை தட்டல் ஓய்ந்த பிறகு கலீல் உறையைத் திறந்தார். உள்ளே வெறும் வெள்ளைத் தாள்.

"மேடையில கொடுக்கிறது படத்துக்கு" என்றான் நிருபன். "உண்மையானது உள்ள இருக்கு. வாங்கோ, ஊதுவம்."

மெசின் கூவியது. நிருபனின் முகம் பிரகாசித்தது.

"சேர்! வந்து பாருங்கோ! இப்பிடி ஒரு முதல் அளவு இந்த வருசம் ஒருத்தருக்கும் வரயில்லை!"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள். குறையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்தும் குறையவில்லை. வாத்தியார் வெளியே இருமிக்கொண்டிருந்தார். கதிரைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

பணிப்பாளர் கலீலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துக்கள். இப்ப நீங்க முழுத் தகுதியோட பதியலாம். நெறிப்படி விட்டீங்களெண்டா, ஹஜ்ஜுப் பெருநாள் முடியச் சான்றிதழ் கையில இருக்கும்."

"சேர், கால்..."

"இந்தப் புகைச்சலோட எப்பிடி ஐயா நான் விட்டிட்டார் எண்டு கையொப்பம் வைக்கிறது?" பணிப்பாளருக்கு உண்மையிலேயே மனம் நொந்தது. "நான் ஒரு அரச உத்தியோகத்தன். பொய்க் கையொப்பம் வைக்கமாட்டன்."

கௌசிகா வாசல்வரை கூட வந்தாள். அடுத்த வகுப்பின் நேரத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள்.

மறுபடி விடலாம் என்றுதான் கலீல் நினைத்தார். ஒருமுறை விட்ட மனிதன்தானே. அன்று பின்னேரமே கொத்தமல்லிப் பேணியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். ஆனால் முதல்முறை அவரைத் தாங்கிப் பிடித்தது எதுவோ, அது இப்போது வீட்டில் இல்லை. தேடிப் பார்த்தார். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவது கடினமாக இருந்தது. பிறகு வகுப்பு முடிந்து தெருவைக் கடக்கும்போது அவரும் மற்றவர்களோடு கடந்தார். அஷ்ரப் ஒன்றும் சொல்லாமல் ஒன்றை எடுத்து நீட்டினான். வகுப்பில் அவருடைய வேட்கை மிகத் தெளிவாக இருப்பதாகப் புதிதாக வந்தவர்களுக்கு முன்னால் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது.

ஒருநாள் காய்ச்சலோடு எழும்பினார். பாதம் முழுக்கக் கறுத்திருந்தது. மைமூனா ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

நிபுணர் துணியை விலக்கிப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கலீலுக்குத் தோன்றியது.

"இனிக் குழாயைத் திருப்பி வேலையில்லை. முழங்காலுக்குக் கீழ எடுக்கோணும். நாளைக்கே செய்யலாம்."

கலீல் கூரை மின்விசிறியைப் பார்த்தார். அது சுழன்றுகொண்டிருந்தது.

"நாளைக்கேயா? சான்றிதழ் இன்னும் கெடைக்கல்லயே டொக்டர்."

"கால் எடுக்கிறதுக்குச் சான்றிதழ் தேவையில்லை" என்றார் நிபுணர்.

வார்ட்டில் கட்டில் ஒழியும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். மதிலோரம் வேப்ப மரத்தின் கீழ் ஒரு சீமெந்து வாங்கு. கலீல் அதில் காலை நீட்டி இருந்தார். மைமூனா பக்கத்தில் இருந்தாள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவருடைய கைகள் மடியில் கிடந்து நடுங்கின. அவற்றை அவர் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். மாற்றி வைத்தார்.

கனநேரத்துக்குப் பிறகு மைமூனா எழும்பினாள். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைக் கடந்து எதிரே இருந்த கடைக்குப் போனாள். ஆண்கள் நிற்கிற கடை. அவர்களை விலத்திக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"என்ன வேணும் ராத்தா?" என்று கடைக்காரன் கேட்டான்.

"சிகரட் ஒன்டு."

"என்ன சிகரட்?"

இத்தனை வருடமாக உடுப்புத் தோய்க்கும்போது சட்டைப் பைகளை வெளியே இழுத்து, வெற்றுச் சிகரட் பெட்டிகளை உதறியவள் அவள். யோசிக்காமல் பெயரைச் சொன்னாள்.

"நெருப்புப் பெட்டியும் தாங்க" என்றாள்.